எள்ளளவு படிகம், அதற்குள் சுழிகள்: மூன்று வகைத் துண்டுகள் வாங்கிப் பார்த்த அனுபவம்

குறையிலிருந்தே தொடங்குகிறேன். மாங்கனீசுப் படிகத்தைக் காந்தப்புலம் இல்லாமல் 2 கெல்வின் வரை குளிர்வித்து, 10 ஆர்ஸ்டெட் என்ற மெல்லிய புலத்தைச் செலுத்தி, மெதுவாகச் சூடாக்கினோம். காந்தமாக்கத்தின் வரைகோடு பூச்சியத்துக்குக் கீழே கிடந்தது. 3.7 கெல்வினைத் தாண்டியதும் சட்டென்று மேலே ஏறிக்கொண்டது. திரையைப் பார்த்த என் மாணவி, "சார், படிகம் மீகடத்தியாகிவிட்டதா?" என்று கண்கள் விரியக் கேட்டாள். படிகம் ஆகவில்லை. அதில் ஒட்டியிருந்த வெள்ளீயம் ஆகியிருந்தது. மின்தடை இன்றி, காந்தப்புலத்தை வெளியே தள்ளும் மீகடத்தியாக வெள்ளீயம் மாறும் வெப்பநிலை அதேதான். கூடவே வந்த தாளிலோ, "உருகுலோக எச்சம் இல்லை", அதாவது படிகம் வளர்த்த உருகிய உலோகம் மிஞ்சவில்லை, என்று தடித்த எழுத்தில் அச்சிட்டிருந்தார்கள்.

விற்றவர்களின் பெயரை எழுதப்போவதில்லை. படிகங்களை வளர்த்து ஆய்வுக்கூடங்களுக்கு அனுப்பும் சிறிய கூடம் அது; ஐந்தாறு பேர் வேலை செய்வார்கள் என்று நினைக்கிறேன். நான் படிகம் வளர்ப்பவன் அல்லன். குளிர்நிலைக் காந்த அளவீட்டில் பதினான்கு ஆண்டுகளாக இருக்கிறேன். யாராவது வளர்த்துக் கொடுத்தால்தான் எனக்குப் பிழைப்பு. ஆகவே வளர்ப்பவர்கள் மீது எனக்கு மரியாதையும் உண்டு, சந்தேகமும் உண்டு. இரண்டும் கீழே கலந்துதான் வரும்.

நாங்கள் கேட்டது மூன்று வகை, நான்கு துண்டு. கடோலினியம் ஒன்று, ருத்தேனியம் இரண்டு, சிலிக்கான் இரண்டு என்ற விகிதத்தில் ஒரு சேர்மம். அதில் நீளமான கட்டை ஒன்று, மெல்லிய தகடு ஒன்று. யூரோப்பியம் ஒன்றுக்கு அலுமினியம் நான்கு என்ற சேர்மத்தில் ஒரு துண்டு. இட்ரியம், மாங்கனீசு, வெள்ளீயம் மூன்றும் 1:6:6 என்று சேர்ந்ததில் ஒரு துண்டு. எல்லாமே உலோகங்கள். எல்லாமே அணுக்களை அடுக்கடுக்காக வைத்துக் கட்டியவை. ஒவ்வொன்றிலும் ஓர் அருமண் தனிமம் இருக்கிறது.

எதற்காக இவ்வளவு ஆசைப்பட்டு வாங்கினோம் என்று சொல்லாமல் மதிப்பீடு எழுதினால் அதில் பொருள் இருக்காது. காந்தத் தன்மையுள்ள ஒவ்வோர் அணுவையும் ஒரு குட்டி ஊசி என்று வைத்துக்கொள்ளுங்கள். நாங்கள் அதை ஸ்பின் என்போம். சாதாரண இரும்புக் காந்தத்தில் பக்கத்துப் பக்கத்து ஊசிகள் ஒரே திசையில் நிற்கும். மேலே சொன்ன சேர்மங்களில் அப்படி நிற்பதில்லை. ஊசிகள் திருகாணியின் மரைபோல் அடுக்குக்கு அடுக்கு திரும்பிக்கொண்டே போகும். சில நிலைமைகளில் ஒரே தளத்துக்குள் நீர்ச்சுழிபோல் சுற்றிக்கொள்ளும்: நடுவில் உள்ள ஊசி கீழ்நோக்கி, விளிம்பில் உள்ளவை மேல்நோக்கி, இடையில் உள்ளவை சிறிது சிறிதாகச் சாய்ந்தபடி. இந்தச் சுழிக்கு ஸ்கிர்மியான் என்று பெயர். அணுக்கருத் துகள்களுக்காக டோனி ஸ்கிர்ம் 1960-களில் எழுதிய கணக்கு, காந்தத்துக்குக் குடிபெயர்ந்து வந்துவிட்டது.

மாங்கனீசு சிலிசைடில் இப்படிப்பட்ட சுழிகள் வரிசைகட்டி நிற்பதை 2009-இல் நியூட்ரான் சிதறல் மூலம் காட்டினார்கள். அங்கே சுழிகளுக்கு இடையே உள்ள தூரம் 18 நானோமீட்டர் அளவில் இருக்கும். அந்தப் படிகத்தின் அணு அமைப்பில் மையச் சமச்சீர் கிடையாது; அதாவது ஒரு மையப்புள்ளி வழியே எதிர்ப்பக்கம் திருப்பிப்போட்டால் அமைப்பு அப்படியே பொருந்தாது. அந்தக் கோணல்தான் ஊசிகளை ஒரே பக்கமாகத் திருகிவிடுகிறது. கோணல் இல்லாவிட்டால் சுழியும் இல்லை என்றே பலரும் பல காலம் நம்பிக்கொண்டிருந்தோம். நானும்தான்.

அந்த நம்பிக்கையைக் கெடுத்தவை அடுக்குக் கடோலினியச் சேர்மங்கள். 2019-இல் கடோலினியம், பல்லேடியம், சிலிக்கான் சேர்ந்த 2:1:3 சேர்மத்தில் ஸ்கிர்மியான் வரிசை இருப்பதாக அறிவித்தார்கள். 2020-இல் நான் வாங்கிய அதே ருத்தேனியச் சேர்மத்தில் 1.9 நானோமீட்டரே அளவுள்ள சுழிகள் சதுர வரிசையில் நிற்பது தெரிந்தது. இரண்டிலும் மையச் சமச்சீர் குறைவின்றி இருக்கிறது. அப்படியானால் ஊசிகளைத் திருப்புவது யார்? உலோகத்துக்குள் ஓடித்திரியும் மின்னணுக்கள். ஒரு கடோலினிய அணுவைக் கடந்துபோகும் மின்னணு அதன் திசைச் செய்தியைத் தூர அணுவுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. ஆனால் செய்தி தூரத்தைப் பொறுத்து "ஒத்துப்போ", "எதிர்த்து நில்" என்று மாறிமாறிப் போகிறது. ரூடர்மன், கிட்டல், கசுயா, யோசிடா ஆகிய நால்வர் 1950-களில் எழுதிவைத்த கொள்கை இது. சுழியின் அளவை நிர்ணயிப்பது மின்னணுக்களின் அலைநீளம் என்பதால்தான் சுழி இவ்வளவு சிறுத்துப்போகிறது.

பல்லேடியச் சேர்மத்தைப் பற்றி ஒரு வார்த்தை. இவர்களின் பட்டியலில் அது இல்லை. எனக்கு அது ஒரு ஏமாற்றம், ஏனென்றால் அந்தச் சேர்மத்துக்குப் பழைய கதை உண்டு. 1990-களின் இறுதியிலேயே மும்பை டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் ஈ. வி. சம்பத்குமாரனும் உடன் பணியாற்றியவர்களும் அதன் மின்தடையையும் காந்தப் பண்புகளையும் ஆராய்ந்து, ஏதோ வழக்கத்துக்கு மாறானது நடக்கிறது என்று எழுதிவிட்டார்கள். மின்னோட்டத்துக்குக் குறுக்கே எழும் மின்னழுத்தத்தைப் பார்க்கும் ஹால் அளவீட்டில் தெரிந்த விந்தையும் அந்தக் காலத்திலேயே பதிவானது. ஸ்கிர்மியான் என்ற பெயர் வந்து ஒட்டிக்கொள்ள இருபது ஆண்டுகள் ஆயின.

இனிப் பெட்டிக்கு வருவோம். பொதிந்த விதத்தில் குறை சொல்ல முடியாது. ஒட்டும் தன்மையுள்ள ஜெல் படலத்தின் மேல் ஒவ்வொரு துண்டையும் பதித்து, மூடியில் பெயர் எழுதியிருந்தார்கள். யூரோப்பியத் துண்டை மட்டும் ஆர்கான் நிரப்பிய கண்ணாடிக் குப்பியில் வைத்து, குப்பியின் வாயை உருக்கி அடைத்திருந்தார்கள். ஒவ்வொன்றுக்கும், படிகத்தின் அச்சுத் திசைகளைப் புள்ளிகளாகக் காட்டும் லாவே எக்ஸ் கதிர்ப் படம் ஒன்றும் இருந்தது. படத்தின் எந்தப் பக்கம் மேல் என்பதைக் குறிக்க மறந்துவிட்டார்கள். எந்தத் திசையில் எந்த அச்சு என்று ஊகித்துப் பார்க்கவேண்டியிருந்தது. நான்குமடியோ ஆறுமடியோ சமச்சீர் உள்ள புள்ளிக்கோலங்கள் என்பதால் ஒருவழியாகத் தப்பித்தோம்.

முதலில் எடுத்தது ருத்தேனியப் படிகத்தின் தகட்டுத் துண்டை. கண்ணாடிபோல் மெருகேற்றியிருந்தார்கள், எங்கள் கூடத்தில் எல்லோரும் வரிசையில் நின்று அதில் முகம் பார்த்தார்கள். இதில் கடோலினிய அணுக்கள் சதுர வலைகளாகப் பரவியிருக்கும். வலைகளுக்கு இடையே ருத்தேனியமும் சிலிக்கானும் அடுக்காக நிற்கும். 46 கெல்வினுக்குக் கீழே ஊசிகள் ஒழுங்குக்கு வரும். அந்த வெப்பநிலையில் வரைகோடு கூர்மையாக முறிந்தது, மகிழ்ச்சி. பிறகு 5 கெல்வினில், அடுக்குகளுக்குச் செங்குத்தாகப் புலத்தை ஏற்றிக்கொண்டே போனோம். இந்தச் சேர்மத்தை வாங்குபவர் எல்லோரும் பார்க்க விரும்புவது இங்கேதான் இருக்கிறது: 2 டெஸ்லாவைச் சற்றுத் தாண்டியதும் காந்தமாக்கத்தில் ஒரு படி, அரை டெஸ்லா தள்ளி இன்னொரு படி. அந்த இரண்டு படிகளுக்கு இடையே உள்ள சிறு இடைவெளிதான் சுழிகளின் வீடு. அதற்குக் கீழேயும் மேலேயும் வேறு வகை ஒழுங்குகள் இருக்கின்றன. முழுவதும் ஒரே திசைக்கு வர ஏறத்தாழ 10 டெஸ்லா வேண்டும். எங்கள் காந்தம் 7-இல் மூச்சு வாங்கிவிடும்.

முதல் படி 2.1 டெஸ்லா அருகே வரவேண்டும். எங்களுக்கு 2.3-இல் வந்தது. அதுவும் கூர்மையாக இல்லை, சாய்தளம்போல் ஏறியது. இரண்டு நாள் பொறுத்தேன், மூன்றாம் நாள் கோபமாகக் கடிதம் எழுதினேன். "நீங்கள் அனுப்பியது நாங்கள் கேட்ட விகிதத்தில் இல்லை" என்பதுதான் அதன் சாரம். வளர்த்தவரிடமிருந்து மறுநாளே பதில் வந்தது, ஒரே வரியில்: "கட்டைத் துண்டையும் அளந்துவிட்டீர்களா?"

அளந்தோம். கட்டையில் படி 2.1-இலேயே, நெட்டுக்குத்தாக நின்றது.

பழி ஓரிடம், பாவம் ஓரிடம். தகட்டுக்குச் செங்குத்தாகப் புலத்தைச் செலுத்தினால், பொருள் தானே உண்டாக்கும் காந்தம் எதிர்த்து நின்று, உள்ளே சென்றுசேரும் புலத்தைக் குறைத்துவிடும். நீளவாட்டில் புலம் பெறும் கட்டையில் அந்த எதிர்ப்பு மிகக் குறைவு. கடோலினியம் போன்ற கனத்த காந்த அணுவுக்கு இந்தக் குறைப்பு சாதாரணமல்ல; எங்கள் தகட்டுக்குக் கணக்குப் போட்டால் 0.2 டெஸ்லாவுக்குக் கிட்டே வருகிறது. சுழிகளின் வீடே அரை டெஸ்லா அகலந்தான் என்பதை நினைத்துப் பாருங்கள். இந்தத் திருத்தத்தை முதலாண்டு மாணவர்களுக்குக் கரும்பலகையில் எழுதிக் காட்டுபவன் நான். வெட்கத்தோடு மன்னிப்புக் கடிதம் அனுப்பினேன். தகட்டின் விளிம்பிலும் நடுவிலும் எதிர்ப்பு ஒரே அளவில் இல்லாததால்தான் படி சாய்தளமாக மழுங்கியது என்பதும் பிறகு புரிந்தது.

ஆனாலும் முழுப் பழியும் என்னுடையதல்ல. "மெருகேற்றிய முகம் செங்குத்து அச்சிலிருந்து 1 பாகைக்குள்" என்று தாளில் உறுதி கொடுத்திருந்தார்கள். கட்டையில் அது உண்மை. தகட்டை நாங்கள் மறுபடி லாவே படம் எடுத்தபோது 3 பாகை சாய்ந்திருந்தது. பளபளப்புக்காக அழுத்தித் தேய்த்தபோது சாய்ந்திருக்கும் என்பது என் ஊகம். முகம் பார்க்க யாரும் கடோலினியப் படிகம் வாங்குவதில்லை. மெருகு சற்றுக் குறைந்தாலும் அச்சு நேராக இருக்கவேண்டும்.

விவரத் தாளில் நான் வாய்விட்டுச் சிரித்த வரி ஒன்றும் உண்டு. கடோலினியத் துண்டுகளுக்கு நேரே, "நியூட்ரான் சோதனைக்கு உகந்தது" என்று போட்டிருந்தார்கள். இயற்கைக் கடோலினியத்தின் வெப்ப நியூட்ரான் உறிஞ்சும் பரப்பு ஏறக்குறைய 49,700 பார்ன் (அணுக்கருவின் பிடிக்கும் திறனை அளக்கும் பரப்பலகு). அதில் உள்ள 157 என்ற ஐசோடோப்புக்கு மட்டும் இரண்டரை லட்சத்துக்கு மேல். இந்தச் சேர்மத்துக்குள் நுழையும் வெப்ப நியூட்ரான்களில் பெரும்பகுதி முதல் 20 மைக்ரானுக்குள்ளேயே காணாமல் போய்விடும். தலைமுடியின் பருமன்கூட இல்லை. உகந்ததுதான், நியூட்ரானைத் தடுக்கும் சுவராக. 158 அல்லது 160 ஐசோடோப்பை மட்டும் பிரித்தெடுத்து வளர்த்திருந்தால் அந்த வரி பொருந்தும். அப்படி வளர்ப்பதாக எங்கும் சொல்லவில்லை. இந்தச் சுழிகளை முதலில் கண்டவர்கள் நாடியது ஒத்ததிர்வு எக்ஸ் கதிர்ச் சிதறலை. கடோலினியத்தின் உள் மின்னணுக்களைத் தட்டியெழுப்பும் 7.93 கிலோ எலெக்ட்ரான்வோல்ட் ஆற்றலுக்கு எக்ஸ் கதிரைச் சரியாக இசைத்துவிட்டால், காந்த ஒழுங்கு தரும் மங்கலான புள்ளிகள் பளிச்சென்று தெரியும். விளம்பரத்தில் அதை எழுதியிருக்கலாம்.

ஹால் மின்னழுத்தத்துக்கும் கட்டைத் துண்டையே பயன்படுத்தினோம். ஒரு சுழியைக் கடந்துபோகும் மின்னணுவுக்கு, அங்கே உண்மையில் இல்லாத ஒரு காந்தப்புலம் இருப்பதுபோல் தோன்றும். சுழி ஒன்றுக்கு ஒரு காந்தப் பாய அலகு. சுழி சிறியதாக ஆக, அதே பாயம் சிறிய பரப்பில் நெருங்கி, தோற்றப் புலம் பெருகும். மாங்கனீசு சிலிசைடில் 13 டெஸ்லா அளவில் வருவது, 1.9 நானோமீட்டர் சதுர வரிசையில் காகிதக் கணக்குப்படி ஆயிரம் டெஸ்லாவைத் தாண்டுகிறது. காகிதக் கணக்கு என்பதை அழுத்திச் சொல்கிறேன். இவ்வளவு சிறிய சுழிக்குள் மின்னணு ஒவ்வோர் ஊசியின் பேச்சையும் கேட்டுக்கொண்டு போவதில்லை என்பதால், அளவீட்டில் அந்தப் பிரமாண்டம் கிடைக்காது. எங்களுக்கு 2.1 டெஸ்லாவில் ஒரு சிறு துள்ளல் வந்தது, பிறகு மறைந்தது. சிறியதுதான். ஆனால் காந்தமாக்கத்தில் படி வந்த அதே இடத்தில், புலத்தை ஏற்றும்போதும் இறக்கும்போதும், நான்கு முறையும் வந்தது. அன்று மாலை மாணவியை வீட்டுக்கு அனுப்பிவிட்டு நான் மட்டும் உட்கார்ந்து ஐந்தாம் முறையும் ஓட்டினேன். தேவையே இல்லை, பார்க்க ஆசையாக இருந்தது.

யூரோப்பியத் துண்டைப் பற்றி நீட்டி எழுத ஒன்றுமில்லை, ஏனென்றால் அது தொல்லை கொடுக்கவில்லை. உருகிய அலுமினியத்திலேயே வளர்த்து, மையவிலக்கியில் சுழற்றி அலுமினியத்தை வடித்திருக்கிறார்கள். ஓரத்தில் மட்டும் வெள்ளித் துளிபோல் கொஞ்சம் மிச்சம் இருந்தது. கத்தியால் சுரண்டி எடுத்தோம். எடுக்காமல் மின்தடை அளந்தால் மின்னோட்டம் அலுமினியத் தோல் வழியாகக் குறுக்கே ஓடி நம்மை ஏமாற்றிவிடும். சுரண்டிய பிறகு, 140 கெல்வினை ஒட்டி, மின்னணுக்கள் அலையலையாக அடர்ந்து நிற்கும் மின்னேற்ற அடர்த்தி அலை உருவாகும் வளைவு தெளிவாக வந்தது. 15 கெல்வினை ஒட்டிக் காந்த ஒழுங்கு தொடங்கி, அதற்குக் கீழே ஒன்றன்பின் ஒன்றாக மாற்றங்கள் வந்தன. இதில் 3.5 நானோமீட்டர் அளவுள்ள சுழிகள் ஒரு புலத்தில் சாய்சதுரமாகவும் இன்னொரு புலத்தில் சதுரமாகவும் அணிவகுத்து நிற்பதாக 2022-இல் காட்டியிருக்கிறார்கள். யூரோப்பியத் துண்டு எங்கிருந்து வந்தாலும் நான் முதலில் பார்ப்பது 69 கெல்வினை. காற்று பட்டு யூரோப்பியம் மோனாக்சைடு உருவாகியிருந்தால் அங்கே ஒரு மேடு காட்டிக்கொடுத்துவிடும். மேடு இல்லை. கண்ணாடிக் குப்பியில் அடைத்த கைக்கு என் நன்றி.

கடைசியாக அந்த மாங்கனீசுத் துண்டு. இதை வாங்கத் தூண்டியது என் சோம்பல்தான் என்று ஒப்புக்கொள்கிறேன். கடோலினியத்துக்கும் யூரோப்பியத்துக்கும் ஒவ்வொரு முறையும் ஹீலியம் செலவழித்துக் குளிர்விக்கவேண்டும். இதுவோ அறை வெப்பநிலைக்கு மேலேயே, 340 கெல்வின் அளவில், ஒழுங்குக்கு வந்துவிடும். இட்ரியத்துக்குக் காந்தம் கிடையாது. கூடைப்பின்னல் வடிவில் பரவிய மாங்கனீசு அடுக்குகள்தாம் திருகிக்கொண்டு போகின்றன. அடுக்குகளுக்கு இணையாகப் புலம் கொடுத்தால் அந்தத் திருகல் கூம்பு வடிவத்துக்கு மாறி, ஸ்கிர்மியான் வரிசை இல்லாமலேயே சுழிகளுக்கு உரிய ஹால் விளைவைக் காட்டுகிறது. வெப்பத்தால் ஊசிகள் ஆடும் ஆட்டத்திலிருந்தே அது பிறக்கிறது என்பது விளக்கம். குளிர வைக்க வைக்க அந்த விளைவு மங்குவதைப் பார்த்தால் எனக்கும் அது நம்பத்தக்கதாகவே தோன்றுகிறது.

வெள்ளீயம்தான் கெடுத்தது. நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கழுவினோம். மேற்பரப்பு மங்கியது, 3.7 கெல்வினுக்குக் கீழே தெரிந்த சரிவு பாதியாகக் குறைந்தது, ஆனால் போகவில்லை. மேலே ஒட்டியது கரைந்துவிட்டது, வளரும்போதே அடுக்குகளுக்கு இடையே சிக்கிக்கொண்டது உள்ளே இருக்கிறது என்று பொருள். உயர் வெப்பநிலை வேலைக்கு இதனால் பெரிய பாதகமில்லை. ஆனால் துண்டின் எடையில் எவ்வளவு மாங்கனீசுச் சேர்மம், எவ்வளவு வெள்ளீயம் என்று தெரியாமல் அணு ஒன்றுக்கு இவ்வளவு காந்தம் என்று எண் எழுத என் கை வராது. இதை அளவீட்டு வரைபடத்தோடு எழுதி அனுப்பினேன். இந்தமுறை தகட்டையும் கட்டையையும் குழப்பிக்கொள்ளவில்லை என்று ஒரு வரியும் சேர்த்தேன். அவர்கள் வாதாடவில்லை. மையவிலக்கியில் போடும்போது வெப்பம் சற்று இறங்கிவிட்டதாகவும், அந்தத் தொகுதி முழுவதையும் விலக்கிவிட்டதாகவும் எழுதி, மாற்றுத் துண்டு அனுப்புவதாகச் சொன்னார்கள்.

மீண்டும் இவர்களிடம் வாங்குவேனா என்று கேட்டால், கடோலினியக் கட்டையும் யூரோப்பியமும் கண்ணை மூடிக்கொண்டு வாங்குவேன். தகடு வேண்டவே வேண்டாம். வேண்டியவர்கள் மெருகேற்றாமல் அனுப்பச் சொல்லி, அச்சைத் தாங்களே சரிபார்த்துக்கொள்ளட்டும். எந்தத் துண்டுக்கும் 300 கெல்வினிலும் 2 கெல்வினிலும் உள்ள மின்தடைகளின் விகிதத்தைத் தாளில் தருவதில்லை என்பது பெரிய குறை. படிகம் எவ்வளவு தூயது என்று சொல்ல அந்த ஒரு எண் போதும், லாவே படத்தை எவ்வளவு அழகாக அச்சிட்டாலும் அதைச் சொல்லாது. கேட்டால் தருகிறார்கள். கேட்காமலே தரலாம்.

மாற்றுத் துண்டு நேற்று வந்தது. கூடவே மடித்த ஒரு சிறு தாள்: இந்தமுறை 3.7 கெல்வினில் தாங்களே பார்த்துவிட்டதாகக் கையால் எழுதியிருக்கிறார்கள். மாணவி இன்று அதைப் பிசின் வைத்து ஒட்டிக்கொண்டிருக்கிறாள். நாளைக் காலை முதல் வேலையாக 10 ஆர்ஸ்டெட் புலத்தில் நானும் பார்க்கப்போகிறேன்.